பிராகில் ஒன்றரை நாள்: கோட்டையா, யூதர் குடியிருப்பா, விஷெஹ்ராட் மேடா?

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். ஜூன் மாதம் குடும்பத்தோடு வியன்னா வருகிறார்களாம். அங்கிருந்து ரயிலேறினால் நான்கு மணி நேரத்தில் செக் நாட்டுத் தலைநகர் பிராக். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்றோம்க்கா. ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பிருவோம். நடுவுல எதைப் பாக்கறது, எதை விடறதுன்னு நீங்களே சொல்லிருங்க" என்றான். வருவது நான்கு பேர்: தம்பி, அவன் மனைவி, 9 வயது மகள், சித்தி. சித்திக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. பாப்பா எங்கே போனாலும் படம் வரையும் நோட்டும் கலர் பென்சிலும் எடுத்துக்கொண்டு போகிறவள்.

நான் இருப்பது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில். எல்ப நதியை ஒட்டியே போகும் ரயிலில் இரண்டே கால் மணி நேரத்தில் பிராக் வந்துவிடும் என்பதால் நான்கு முறை போயிருக்கிறேன். ஒரு முறை அம்மாவையும் கூட்டிப் போனேன். தம்பிக்குப் போனில் சொன்னது பாதி, விட்டுப்போனது பாதி. இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் உதவுமே என்று முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிராகில் பார்க்க எத்தனையோ இருக்கிறது. ஆனால் ஒன்றரை நாளில் அவசரமில்லாமல் நின்று பார்க்க முடிவது இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. எல்லோரும் முதலில் சொல்வது மலைமேல் இருக்கும் கோட்டை. அடுத்தது பழைய நகரத்துக்குள் இருக்கும் யூதர் குடியிருப்பு, யோசெஃபோவ். மூன்றாவது, ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரைப் பாறைமேல் இருக்கும் விஷெஹ்ராட். இதைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

முதல் முறை நானும் எல்லோரையும் போலக் கோட்டையிலிருந்துதான் தொடங்கினேன். அதுவும் வெள்ளிக்கிழமைதான். மதியம் 12 மணிக்கு மேலே போனேன், சீட்டுக்கு ஒரு வரிசை, பேராலய வாசலில் இன்னொரு வரிசை. அரண்மனையையும் தங்கச் சந்து என்ற குறுந்தெருவையும் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பேராலயத்துக்குள் நுழைந்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். சரி, நாளைக்கு யோசெஃபோவ் பார்க்கலாம் என்று போனால் மறுநாள் சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வு நாள், எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. இரும்புக் கம்பிக்கு வெளியே நின்று கல்லறைத் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். அந்த வருத்தம் ஆறாமல்தான் இரண்டாம் முறை போனேன்.

ஆகவே எதையும் முடிவு செய்யும் முன் கிழமையைப் பார்க்க வேண்டும். யோசெஃபோவில் உள்ள யூத அருங்காட்சியகம் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களை நண்பகலுக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். வெள்ளி மாலை வந்து ஞாயிறு காலை கிளம்புகிறவர்களுக்கு யோசெஃபோவ் கிடையாது. தம்பி அதுவரை இதை யோசிக்கவே இல்லை.

கோட்டையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இடம். ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர். உலகிலேயே பெரிய பழங்காலக் கோட்டை வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி மதிலும் கொத்தளமும் நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இது ஒரு சிற்றூர். மூன்று முற்றங்கள், பேராலயம், பழைய அரண்மனை, இன்னொரு தேவாலயம், சந்துகள், தோட்டங்கள். நாட்டின் குடியரசுத் தலைவருக்கு அலுவலகமும் இங்கேதான்.

முக்கியமான விஷயம், வளாகத்துக்குள் நடக்கச் சீட்டு வேண்டியதில்லை. முற்றங்கள் எல்லாம் இலவசம், காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கும். கட்டடங்களுக்கு உள்ளே போகத்தான் சீட்டு. நான் கடைசியாகப் போனபோது பெரியவர்களுக்கு 450 கொருனா (செக் நாட்டுப் பணம்). அதில் பேராலயம், பழைய அரச மாளிகை, புனித ஜார்ஜ் ஆலயம், தங்கச் சந்து என நான்கு இடங்கள் அடக்கம், இரண்டு நாள் செல்லும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு, சித்தியின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த 450 கொருனா தகுமா? பேராலயத்துக்காக மட்டுமே தகும் என்பேன். புனித வைட்டஸ் பேராலயத்துக்கு 1344-இல் அடிக்கல் நாட்டினார்கள். முடித்தது 1929-இல். நடுவில் மதச் சீர்திருத்தம் கேட்ட யான் ஹுஸ் என்பவரின் வழியினர் நடத்திய போர்கள் வந்து வேலை நின்றுபோனது. பாதிக் கோயிலுக்கு ஒரு தற்காலிகச் சுவரை எழுப்பி அடைத்து, அதோடு சில நூற்றாண்டுகளை ஓட்டிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி கையில் எடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் உள்ளே நடப்பதே வேறு மாதிரி இருக்கும். மேற்கு வாசல் வழியாக நுழைந்தவுடன் நாம் நிற்பது கோயிலின் ஆகப் புதிய பகுதியில். கிழக்கே பீடத்தை நோக்கி நடக்க நடக்கக் காலம் பின்னால் போகிறது. குறுக்கு மண்டபத்தைத் தாண்டினால் பீட்டர் பார்லர் என்ற கட்டடக் கலைஞர் 14-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பகுதி. அவர் இந்த ஊருக்கு வந்து பொறுப்பேற்றபோது இருபதுகளில் இருந்த இளைஞர். நாங்கள் போனபோது வாசலை ஒட்டிய பின்பகுதிவரை சீட்டில்லாமல் விட்டார்கள். பலரும் அங்கேயே நின்று அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பழைய கோயில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அங்கே ஒன்றுக்காகக் காத்து நிற்கலாம், புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயம். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க வழவழப்பாக்கிய வண்ணக் கற்களைப் பதித்திருக்கிறார்கள்: செவ்வந்திக்கல், சூரியகாந்தக்கல் என்று 1,300-க்கும் மேல். உள்ளே கால் வைக்க முடியாது, வாசற்படியில் நின்றுதான் பார்க்க வேண்டும். பின்னால் கூட்டம் நெருக்கும். கற்களுக்கு நடுவே தங்க முலாம் பூசிய காரை. வெளியே வெயில் ஏறி இறங்கும்போது அந்தச் சுவர் நிறம் மாறுவதை ஒரு நிமிடம் பொறுத்து நின்றால் பார்க்கலாம். இந்தச் சிற்றாலயத்தில் இருக்கும் ஒரு கதவு முடிசூட்டு நகைகள் உள்ள அறைக்குப் போகும் வழி. அதற்கு ஏழு பூட்டு, ஏழு சாவி. குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர் என ஏழு பேரிடம் பிரிந்து இருக்கின்றன. ஏழு பேரும் வந்தால்தான் திறக்கும்.

பேராலயத்தின் தெற்குச் சுவரில், வெளிப்புறத்தில், 1370-களில் பதித்த கடைசித் தீர்ப்புக் காட்சி இருக்கிறது. சிறு சிறு கண்ணாடித் துண்டும் கல் துண்டும் சேர்த்து ஏறக்குறைய பத்து லட்சம். இதற்குச் சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை, நின்று பார்ப்பவர்களும் குறைவு. சித்தி உள்ளே வர முடியாமல் மூன்றாம் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாலும் இதைப் பார்த்துவிடலாம்.

பழைய அரச மாளிகையில் விளாடிஸ்லாவ் மண்டபம் பெரியது. மழைக் காலத்தில் குதிரைவீரர்களின் ஈட்டிப் போட்டி உள்ளேயே நடக்குமாம், குதிரை ஏறிவர வசதியாகத் தாழ்வான அகலப் படிகள் கட்டியிருக்கிறார்கள். பாப்பாவுக்கு அந்தப் படிகளைக் காட்டினாலே போதும், மீதியை அவளே கற்பனை செய்துகொள்வாள். பக்கத்து அறையின் ஜன்னல் வழியாகத்தான் 1618 மே 23 அன்று பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஓர் எழுத்தரையும் புரொட்டஸ்டண்டு பிரபுக்கள் தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதைகள் தாங்கினார்கள் என்றது ஒரு தரப்பு, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறு தரப்பு. ஐரோப்பாவைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் அந்த ஜன்னலில் தொடங்கியது. புனித ஜார்ஜ் ஆலயம் பழமையானது, அமைதியானது, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

தங்கச் சந்து கோட்டை மதிலோடு ஒட்டிக் கட்டிய பொம்மை வீடு அளவு வீடுகள். கோட்டைக் காவலர்களுக்காகக் கட்டியது. குனிந்துதான் நுழைய வேண்டும். கூட்டம் தாங்காது. நீல நிறம் பூசிய 22-ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1916-17 குளிர்காலத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்து எழுதினார். வீட்டை வாடகைக்கு எடுத்தது அவருடைய கடைசித் தங்கை ஒட்லா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், யோசெஃபோவில் இவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோட்டைக்கு ஏறும் வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பழைய படிக்கட்டு வழியாக ஏறச் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. 22-ஆம் எண் டிராமில் ஏறிக் கோட்டைப் பெயரிலேயே உள்ள நிறுத்தத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம் சமதளத்தில் நடந்து இரண்டாம் முற்றத்துக்குள் போய்விடலாம். டிராமில் ஏறியவுடன் மஞ்சள் பெட்டியில் சீட்டைச் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம்.

இனி யோசெஃபோவ். அம்மாவோடு போனது இங்கேதான்.

பிராகின் யூதர்கள் பல நூற்றாண்டுகள் இந்தச் சிறு பரப்புக்குள்ளேயே ஒதுங்கி வாழ வேண்டியிருந்தது. அவர்கள்மேல் இருந்த தடைகளைத் தளர்த்திய இரண்டாம் ஜோசப் பேரரசரின் பெயரைத்தான் இந்தப் பகுதிக்கு வைத்தார்கள். 1893-இல் ஒரு சட்டம் போட்டுச் சுகாதாரக் காரணம் காட்டி இங்கிருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளினார்கள். இப்போது அந்த இடத்தில் விலை உயர்ந்த கைப்பைக் கடைகள் நிற்கும் அகல வீதி போகிறது. மிஞ்சியது ஆறு தொழுகைக்கூடங்கள், ஒரு நகர மன்றம், ஒரு கல்லறைத் தோட்டம். நகர மன்றத்தின் மேல் இரண்டு கடிகாரங்கள் உண்டு. கீழே இருப்பதில் எபிரேய எழுத்துகள், முள் வலமிருந்து இடமாக ஓடும். பாப்பா இதை விட்டு நகர மாட்டாள்.

கோட்டைச் சீட்டைவிட இங்கே சீட்டு விலை கூடுதல். பலர் அதைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். நான் தயங்க மாட்டேன். ஒரே சீட்டில் பல தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் பார்க்கலாம். எல்லாம் ஐந்து நிமிட நடைக்குள், சமதளத்தில் இருக்கின்றன. ஆண்கள் தலையை மறைக்க வேண்டும், குல்லா இல்லையென்றால் அங்கேயே தருவார்கள்.

பின்காஸ் தொழுகைக்கூடத்தில் சாமான் எதுவும் இல்லை. வெறும் சுவர். அந்தச் சுவர்கள் முழுக்க, தரையிலிருந்து கைக்கு எட்டாத உயரம்வரை, பெயர்கள். இன்றைய செக் நாட்டின் போஹிமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேருடைய பெயர்கள். ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, கையால் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த தேதி, அதற்குப் பிறகு உயிரோடு இருந்ததாகத் தெரிந்த கடைசித் தேதி. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத் துணி விரித்த மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் எழுத்து.

அம்மாவுக்கு ஆங்கிலமும் சரளமில்லை, செக் மொழிக்கு எங்கே போவது. ஆனால் எண்கள் தெரியுமே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சுவரருகே நின்றார். ஒரே குடும்பப் பெயரில் ஐந்து பேர் வரிசையாக இருந்தார்கள். இரண்டு தேதியையும் கழித்துக் கழித்து மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். "இவருக்கு நாப்பத்தொண்ணு. இது பொண்டாட்டியா இருக்கும், முப்பத்தாறு. பன்னெண்டு. ஒம்பது." கடைசிப் பெயரில் விரல் நின்றது. "நாலு வயசுடி" என்றார். அதற்கப்புறம் கணக்குப் போடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

இந்தப் பெயர்களுக்கே ஒரு கதை இருக்கிறது. முதலில் 1954-இலிருந்து 1959 வரை எழுதினார்கள். 1968-இல் கட்டடத்தை மூடினார்கள், நிலத்தடி நீர் ஏறுகிறது என்று காரணம் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் திறக்கவில்லை, எழுத்துகள் அழிந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு 1992-இலிருந்து 1996 வரை ஒவ்வொரு பெயராக மறுபடி எழுதினார்கள். 2002 வெள்ளத்தில், ஊர் நடுவே ஓடும் வல்டாவா ஆற்று நீர் புகுந்து கீழ்ப்பகுதி மீண்டும் சேதமானது, மீண்டும் சரிசெய்தார்கள்.

1968 என்றதும் தமிழர்களாகிய நமக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வர வேண்டும். இதே பிராகில் பிறந்து, தமிழ் கற்று, தமிழ் இலக்கியத்தைச் செக் வாசகர்களுக்கும் உலகத்துக்கும் எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில், அந்த ஆண்டு சோவியத் படைகள் நுழைந்ததைத் தொடர்ந்து நாட்டை விட்டுப் போக வேண்டியவரானார். பிறகு நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இந்த ஊர்த் தெருக்களில் நடக்கும்போதெல்லாம், இங்கே எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவர் நம் பழம்பாட்டுகளோடு போராடியிருக்கிறார் என்ற எண்ணம் எனக்கு வராமல் இருந்ததில்லை.

பின்காஸின் மாடியில் குழந்தைகளின் ஓவியங்கள் இருக்கின்றன. பிராகுக்கு வடக்கே தெரெசின் என்ற இடத்தில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரையச் சொன்னார், ஒவ்வொரு படத்திலும் பெயர் எழுதச் சொன்னார். 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்படும் முன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பவில்லை. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோரும் திரும்பவில்லை. படங்களில் வீடு இருக்கிறது, பட்டாம்பூச்சி இருக்கிறது, பூ இருக்கிறது. மூன்றடுக்குக் கட்டிலும் இருக்கிறது.

காஃப்காவின் தங்கை ஒட்லாவும் தெரெசினில் இருந்தவர். 1943 அக்டோபரில் பியாவிஸ்டோக் நகரத்திலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த குழந்தைகளை அங்கிருந்து வேறிடம் அனுப்பியபோது, கூடத் துணைக்குப் போகிறேன் என்று தானாக முன்வந்தார். ரயில் போனது ஆஷ்விட்ஸுக்கு. காஃப்காவின் மற்ற இரண்டு தங்கைகளும் கொல்லப்பட்டவர்கள்தான். தங்கச் சந்தின் 22-ஆம் எண் வீட்டின் முன்னால் சிரித்துக்கொண்டு படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த நீல வீட்டின் பாதிக் கதைதான் கையில் வரும்.

பின்காஸிலிருந்து வெளியே வந்தால் நேரே பழைய கல்லறைத் தோட்டம். மிகப் பழைய கல் 1439-ஐச் சேர்ந்தது, கடைசி அடக்கம் 1787-இல். இடம் போதவில்லை, புதைத்தவர்களைத் தோண்டி எடுப்பது யூத மரபில் ஆகாது. அதனால் மேலே மண் கொட்டி மறுபடி புதைத்தார்கள். சில இடங்களில் அப்படிப் பன்னிரண்டு அடுக்குவரை உண்டு என்கிறார்கள். கீழே இருந்த கற்களை மேலே தூக்கி நட்டதால் ஏறக்குறைய 12,000 கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சாய்ந்துகொண்டு நிற்கின்றன. கற்களில் எழுத்து தெரியாவிட்டாலும் உருவங்கள் தெரியும். விரித்த இரண்டு கை இருந்தால் குருமார் குலம், நீர்க் குடுவை இருந்தால் அவர்களுக்குத் துணை நின்ற லேவியர் குலம். சிங்கம், திராட்சைக் குலை எல்லாம் உண்டு. 1609-இல் இறந்த, ரபி (யூத மதகுரு) லோவ் என்ற பேரறிஞரின் கல்லறையில் கூழாங்கல்லும் மடித்த காகிதமும் குவிந்திருக்கும். பூ வைக்கும் வழக்கமில்லை, கல்தான் வைப்பார்கள். அம்மா பாதையோரம் கிடந்த ஒரு சிறு கல்லை எடுத்து, பெயர் தெரியாத ஒரு கல்மேல் வைத்துவிட்டு வந்தார்.

ஸ்பானியத் தொழுகைக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். 1868-இல் கட்டியது. பின்காஸின் வெறும் சுவருக்குப் பிறகு உள்ளே நுழைந்தால் கூரைவரை பொன்னும் சிவப்பும் பச்சையுமாகக் கோலம் போட்டது போன்ற வேலைப்பாடு. இங்கே உட்கார இடம் உண்டு, சித்தி கால் ஆறலாம். பழைய-புதிய தொழுகைக்கூடம் 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், ஐரோப்பாவில் இன்னும் வழிபாடு நடப்பவற்றில் ஆகப் பழையது. நேரம் இருந்தால் பாருங்கள், களைப்பாக இருந்தால் வெளியிலிருந்து அந்தச் செங்கூரையைப் பார்த்தால் போதும்.

நேரக் கணக்கில் கோட்டை சீட்டோடு நான்கு மணி நேரம் கேட்கும், யோசெஃபோவ் மூன்று. கால்வலியில் வித்தியாசம் பெரியது. கோட்டையில் கல் பாவிய ஏற்ற இறக்கம், இங்கே சமதளம். கூட்டம் இரண்டிலும் உண்டு. ஆனால் பின்காஸில் நுழைந்ததும் யாரும் சொல்லாமலே குரல் தாழ்ந்துவிடுகிறது. பணம் கொடுத்து ஒரே ஒரு இடத்துக்குள் போக முடியும் என்றால் நான் யோசெஃபோவைத்தான் சொல்வேன். கோட்டையின் அழகில் பாதியைச் சீட்டில்லாமலே முற்றங்களில் நின்று பார்த்துவிடலாம். யோசெஃபோவை வெளியே நின்று பார்க்க முடியாது, முதல் முறை அந்தக் கம்பிக்கு வெளியே நின்றவள் சொல்கிறேன்.

விஷெஹ்ராட் வேறு வகை. அங்கே போக மெட்ரோவில் மத்திய ரயில் நிலையத்திலிருந்து மூன்றே நிறுத்தம். இறங்கிச் சமதளத்தில் பத்து நிமிடம் நடந்தால் பழைய கோட்டை வாசல். வளாகத்துக்குக் கட்டணமில்லை. லிபுஷே என்ற இளவரசி இந்தப் பாறைமேல் நின்றுதான், புகழ் விண்மீன்களைத் தொடும் ஒரு நகரம் தெரிகிறது என்று சொன்னாளாம், பிராக் பிறந்த கதை அது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்ட வடிவச் சிறு கோயில் ஒன்று இருக்கிறது. இரட்டைக் கோபுர ஆலயத்தை ஒட்டிய கல்லறையில் இசைமேதைகள் ஸ்மெட்டனாவும் துவோர்ஷாக்கும், ஓவியர் முகாவும், ரோபோ என்ற சொல்லை 1920-இல் தன் நாடகத்தில் உலகத்துக்குத் தந்த கரெல் சாப்பெக்கும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை யோசித்துச் சொன்னவர் கரெலின் அண்ணன் யோசெஃப். அவர் 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார், உடல் திரும்பி வரவில்லை.

இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் உள்ளூர்க்காரர்கள். நாயோடு நடக்கிறார்கள், புல்லில் படுத்திருக்கிறார்கள், குழந்தைகளுக்கு விளையாட இடம் இருக்கிறது. ஜூன் மாதம் சூரியன் இரவு 9 மணிக்கு மேல்தான் மறையும். மதிலோரம் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கீழே ஆறு, தூரத்தில் கோட்டை. கோட்டையின் முழு உருவம் கோட்டைக்குள் நின்றால் தெரியாது, இங்கிருந்து தெரியும். சித்திக்கு ஒரே இடம்தான் காட்ட முடியும் என்றிருந்தால் இதைத்தான் காட்டுவேன்.

நூலகங்களைப் பற்றித் தம்பி மனைவி கேட்டாள். பழைய நகரத்தில் கிளெமென்டினும், கோட்டைக்கு மேலே ஸ்ட்ராஹோவ் மடம். கிளெமென்டினுக்குள் வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், கோபுரத்துக்கு 172 படி ஏற வேண்டும், சித்தியால் ஆகாது. 1775-இலிருந்து விடாமல் வானிலை குறித்துவரும் இடம் என்பதால் அறிவியல் ஆர்வம் உள்ளவர்கள் போகலாம். ஸ்ட்ராஹோவில் படி குறைவு. இரண்டு கூடங்களையும் வாசலில் நின்றே பார்க்க வேண்டும், பத்து நிமிட வேலைதான், ஆனால் அந்தக் கூரை ஓவியம் மனசில் தங்கும். 22-ஆம் எண் டிராமில் இன்னும் சற்று மேலே போய் அங்கே இறங்கி, மடத்தைப் பார்த்துவிட்டு இறக்கத்திலேயே கோட்டைக்கு நடப்பது இளவயதுக்காரர்களுக்கு நல்ல வழி.

சார்லஸ் பாலத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், எப்படியும் கடப்பீர்கள். விடிகாலை 5 மணிக்கு எழ முடிந்தால் மட்டும் தனியாகப் போங்கள். முப்பது சிலைகளும் நீங்களும்தான் இருப்பீர்கள். வானியல் கடிகாரம் 1410-இலிருந்து நிற்கிறது. மணிக்கு மணி எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், இயேசுவின் சீடர்கள் ஜன்னலில் வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பாப்பாவுக்காக ஒரு முறை நில்லுங்கள், கைப்பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அருகிலேயே தரையில் 27 சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று அங்கே தலை வெட்டப்பட்டும் தூக்கிலிடப்பட்டும் இறந்தவர்களுக்கானவை. பெரும்பாலோர் அவற்றின்மேலேயே நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே யூரோ இல்லை, கொருனா. முதல் முறை சுற்றுலா வீதியில் ஒரு கடையில் கமிஷன் இல்லை என்று எழுதியிருந்ததை நம்பி 100 யூரோ மாற்றி, கணிசமாக இழந்தேன். வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள். யூரோ கணக்கில் பிடிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

தம்பிக்கு நான் கொடுத்த திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை வியன்னாவில் காலை ரயில் பிடித்து மதியத்துக்குள் வந்துவிட வேண்டும். பெட்டியை அறையில் போட்டுவிட்டு, சாப்பிட்டு, 2 மணிக்கு யோசெஃபோவ். கோடையில் மாலை 6 மணிவரை திறந்திருக்கும், அவசரமில்லை. சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கோட்டை, முதல் வேலையாகப் பேராலயம், அப்புறம்தான் மற்றவை. சித்தி 22-ஆம் எண் டிராமில் வந்து இறங்கி மூன்றாம் முற்றம்வரை நடக்கட்டும், பேராலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே உட்காரட்டும், அரண்மனைப் படிகளையும் தங்கச் சந்து வீடுகளையும் மற்ற மூவரும் பார்க்கட்டும். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். மாலை 7 மணிக்கு நால்வரும் விஷெஹ்ராட்.

நேற்று மறுபடி போன் செய்தான். காலை ரயிலுக்கே டிக்கெட் போட்டுவிட்டானாம். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான், "அந்த மாடி ரூமுக்குப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போலாமாக்கா? சின்னப் பிள்ளை, பயந்துக்குமோ?"

கூட்டிப் போ என்றேன். கீழே சுவர்களுக்கு முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல். மாடியில் அவளை அவசரப்படுத்தாதே. அவள் வரைகிற பிள்ளை, பென்சில் எங்கே அழுத்தியிருக்கிறது, எங்கே நிறம் தீர்ந்துபோயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். படத்தின் ஓரத்தில் பெயர் இருக்கும். அதை மட்டும் நீ வாசித்துக் காட்டு.